போன வாரம் இல்லாத புள்ளி

அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்துப் பழகிய கண். அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் இருட்டுக் குழிக்குள் இறங்குகிறவன், பொழுது சாய்ந்ததும் தொலைநோக்கியோடு மொட்டை மாடிக்கு ஏறிவிடுவான். தங்களைத்தான் வேவு பார்க்கிறான் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டு திரிந்தார்கள்.

ஒரு நாள் காலை, டீயை ஆற்றிக்கொண்டே, அவன் முந்தின நாள் இரவு தொலைநோக்கி வழியாக எடுத்த படத்தைக் கணினியில் பார்த்தாள். நம் பால்வெளிக்கு அக்கம்பக்கத்திலுள்ள இன்னொரு விண்மீன் மண்டலம் அது; கண்ணாடியில் விட்ட மூச்சு மாதிரி மங்கலாகப் படிந்திருந்தது.

"ஏங்க, இந்த ஓரத்துல ஒரு புள்ளி இருக்கே. போன வாரம் இல்லையே."

"தூசியா இருக்கும்."

"தூசி எதுன்னு எனக்குத் தெரியாதா?"

வாயில் பிரஷ்ஷோடு வந்தவன் அப்படியே நின்றுவிட்டான். மூன்று வருஷத்துப் படங்களையும் திறந்து பார்த்தார்கள். ஒன்றிலும் அந்தப் புள்ளி இல்லை. வானாய்வு மையத்துக்குத் தகவல் எழுதினான். முதலில் பார்த்தவர் என்ற கட்டத்தில் தன் பெயரைப் போட்டு, அதை அழித்துவிட்டு, அவள் பெயரைப் போட்டான்.

அவள் வேலையில் புதுப் புள்ளி என்றால் யாரோ ஒருவர் வீட்டில் அன்றைக்குச் சோறு இறங்காது. யாரையும் அழவைக்காத புள்ளி ஒன்றை முதல்முறையாகப் பார்த்திருக்கிறாள். அன்று முழுக்க, கால் தரையில் படாதவள்போல் நடமாடினாள்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. வெடித்துச் சிதறிய நட்சத்திரம்தான், சூப்பர்நோவா. ஆனால் வேறொரு நாட்டுக்காரர் ஆறு மணி நேரம் முந்திக்கொண்டுவிட்டார். அவன் முகம் தொங்கிப்போயிற்று.

"அது வெடிச்சு எத்தனை வருஷம் ஆச்சு?" என்று கேட்டாள்.

"ரெண்டு கோடி இருக்கும்."

"ரெண்டு கோடி வருஷத்துல ஆறு மணி நேரத்துக்கா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்க?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அன்றிலிருந்து அவளும் மாடிக்குப் போனாள். கண்ணைத் தொலைநோக்கிக் குழாயில் பதித்ததும் தெருச் சத்தமெல்லாம் தண்ணீருக்கடியில் கேட்பதுபோல் ஆகிவிடும். புள்ளி பத்து நாள் பிரகாசமாகிக்கொண்டே போனது; பிறகு மெல்ல மெல்லக் குன்றியது. ஒவ்வொரு மாலையும் பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு அவள் வெளிச்சத்தின் அளவு சொல்ல, அவன் குறித்துக்கொண்டான். அந்த மண்டலமும் நாளுக்கு நாள் சீக்கிரமாகவே கூரைகளுக்குப் பின்னால் இறங்கத் தொடங்கியது.

"இனிமே நாலு மாசம் கழிச்சுத்தான் கண்ணுல படும்" என்றான்.

"அப்ப நம்ம புள்ளி இருக்குமா?"

"இருக்கும். ஆனா மங்கிப்போயிருக்கும், நம்ம குழாய்க்குத் தெரியாது."

அவள் மறுபடியும் குனிந்து கண்ணை வைத்தாள். அவசரமில்லை என்று அவன் ஒதுங்கி நின்றான்.