எள்ளா, கசகசாவா?

"ஈ போடுற முட்டை உருண்டையா நீளமான்னு நான் தெருமுனையில நின்னே சொல்லுவேன். அதுவும் கண்ணாடி போடாம!" என்றார் மாமனார்.

மருமகள் சிரிக்கும் நிலையில் இல்லை. ஆய்வகத்தில் ஈ வளர்க்கும் குளிர் அலமாரி காலையில் மண்டையைப் போட்டுவிட்டது. அதிலிருந்து ஒழுகிய தண்ணீரில் நாற்பது பாட்டில்களின் லேபிளும் கூண்டோடு கழன்று கூழாகிவிட்டது. பக்கத்து ஆய்வகத்தில் ஒரே ஒரு பாட்டிலுக்குத்தான் இடம். அதையும் அரை மணியில் பூட்டிவிடுவார்கள். இந்த வெக்கையில் மற்ற ஈக்கள் மாலையைப் பார்க்காது. அவளுடைய நாலு வருட உழைப்பு, ஒரு மரபணு கெட்டு உருண்டை முட்டை போடும் ஈக்கள், அந்த நாற்பதில் ஏதோ ஒன்றுக்குள் பறந்துகொண்டிருந்தது. நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாகப் பார்த்தால் பொழுது சாய்ந்துவிடும்.

சாப்பாட்டு டப்பாவோடு வந்திருந்த மாமனார், நாற்பது வருடம் பேக்கரியில் மாவு பிசைந்து ஓய்வு பெற்றவர். அவர் பேச்சில் பத்துக்கு ஒன்பதைக் கழித்துவிட்டுத்தான் வீட்டில் காதில் வாங்குவார்கள்.

"நீ சொன்னதுதானேம்மா? வளர்ற முட்டையைச் சுத்தி இருக்குற செல்லெல்லாம் ஊர்வலம் போகும். செல்லுக்குள்ள நாரெல்லாம் ஒரே பக்கமாப் படிஞ்சு முட்டையை இடுப்புல இறுக்கும். முட்டை நீளும். அந்த மரபணு கெட்டா நார் தாறுமாறு, ஊர்வலம் ரத்து. உருட்டாத மாவு மாதிரி உருண்டையாவே நின்னுடும்."

"அதெல்லாம் சரி மாமா. ஆனா முட்டை அரை மில்லிமீட்டர்!"

"பன்னு மேல நாப்பது வருஷம் எள்ளும் கசகசாவும் தூவுன கண்ணும்மா இது. கசகசா டப்பாவுல ஒரு எள்ளு விழுந்தாலும் எனக்கு ஜுரம் வந்துடும்."

ஜன்னல் வெளிச்சத்தில் பாட்டில்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, உள்ளே தீனியின் மேல் கிடந்த வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்தார். "எள்ளு. இதுவும் எள்ளு. சுத்தமான எள்ளு."

முப்பத்தொன்றாவது பாட்டிலில் வாய் நின்றது. அவர் வாய் நிற்பது, சூரியன் மேற்கே உதிப்பதற்குச் சமம்.

"கசகசா," என்றார் மெதுவாக.

அவள் நம்பவில்லை. ஆனாலும் அந்தத் தீனியில் ஒரு துளி கிள்ளி நுண்ணோக்கியின் கீழ் வைத்தாள். மாமனார் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினார்.

"தப்பா இருந்தா என்னைத் திட்டிக்கோ. ஆனா சாப்பிட்டுட்டுத் திட்டு."

அவள் கண்ணை எடுக்கவில்லை. மாவு வாசனை இன்னும் போகாத அந்தக் கையை மட்டும் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"கசகசாதான் மாமா."