ஆஜராகாத பதினேழு பேர்

கைரேகைக் கருவியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கணினியை இயக்கும் லினக்ஸுக்கு அந்தக் கருவி தெரிந்தது. லினக்ஸுக்குள் இன்னொரு கணினிபோல ஓடும் விண்டோஸுக்குத் தெரியவில்லை. ஓய்வூதியத்துக்கு ரேகை பதியும் மென்பொருள் அந்த விண்டோஸில்தான் இருந்தது. இன்று கடைசி நாள். மாலை ஐந்துக்கு இணையதளம் மூடிவிடும். பதியாதவர்களுக்கு அடுத்த மாதம் முதல் ஓய்வூதியம் நின்றுவிடும்.

குண்டறை சேவை மையத்தின் வராந்தாவில் பதினேழு பேர் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் முந்திரிக்கொட்டை உடைத்து ஓய்ந்த பெண்கள்.

லிஜி அங்கே ஒப்பந்த ஊழியர். கோளாறு அவளுக்குப் பத்து மணிக்கே பிடிபட்டுவிட்டது. நேற்று கொச்சிக் கம்பெனிக்காரர்கள் கணினியைப் புதுப்பித்தபோது, யூஎஸ்பி கருவிகளை விண்டோஸுக்குள் விடும் உரிமையுள்ள குழுவிலிருந்து அவளுடைய பயனர் பெயர் போயிருந்தது. போன வருடமும் இதேதான். ஒரு வரிக் கட்டளை போதும். அதற்கான கடவுச்சொல் கம்பெனியிடம் இருந்தது. பதினோரு முறை போனில் கூப்பிட்டாள்; யாரும் எடுக்கவில்லை.

வரிசையில் முதல் ஆள் சுலோசனா. முந்திரிக்கொட்டையின் பால் அரித்த விரல்கள். ரேகை எளிதில் விழாது. அரைமணிக்கொருமுறை குழாயில் கை கழுவி, கொண்டுவந்த தேங்காய் எண்ணெயைத் தடவித் துடைத்துக்கொண்டாள்.

"மோளே, உன் மெஷினுக்கு என் விரல் பிடிக்கலையா, என்னையே பிடிக்கலையா?"

"உங்கள யாருக்குப் பிடிக்காது சேச்சி? அதுக்குத்தான் கண்ணு தெரியல."

நாலரைக்குக் கம்பெனியிலிருந்து வினீத் கூப்பிட்டான். அங்கிருந்தபடியே அவள் திரைக்குள் நுழைந்து, குழுவில் பெயரைச் சேர்த்தான். அப்போதும் கருவி வரவில்லை.

"சார், ஒரு தடவை லாக் அவுட் பண்ணிட்டு வந்தாத்தான் அந்த அனுமதி கிடைக்கும்."

"பண்ணா என் கனெக்‌ஷன் போயிடும். நீங்க டேட்டா என்ட்ரிதானே? எதையும் தொடாம உக்காருங்க."

திரையில் அம்புக்குறி அங்குமிங்கும் அலைந்தது. லிஜி கைகளை மடியில் வைத்திருந்தாள். ஐந்தடிக்க நாலு நிமிடம் இருக்கும்போது, கருவியே பழுது என்று எழுதி அனுப்பச் சொல்லிவிட்டு வினீத் போனை வைத்துவிட்டான்.

அவள் லாக் அவுட் செய்து மறுபடி நுழைந்தாள். விண்டோஸ் மெல்ல எழுந்தது. கருவியின் பெயர் வந்தது.

"சேச்சி, வாங்க."

சுலோசனா விரலை வைத்தாள். விளக்கு பச்சையானது. முதல் தடவையிலேயே ரேகை விழுந்தது. 'நேரம் முடிந்தது' என்றது திரை. ஐந்து மணி ஒரு நிமிடம்.

திறந்திருந்தது ஒரே பக்கம், நாள் முடிவு அறிக்கை. பதினேழு பெயர்களுக்கு எதிரேயும் 'ஆஜராகவில்லை' என்று மென்பொருளே போட்டிருந்தது. வேறு காரணம் எழுத இடமில்லை. மேற்பார்வையாளரைக் கூப்பிட்டாள். ஐந்தே காலுக்குள் அறிக்கை வராவிட்டால் நாளை அவள் வரவேண்டாம் என்றார்.

"பதிஞ்சுதா மோளே?"

அறிக்கையை அனுப்ப, அதன் அடியில் பணியாளரின் ரேகை கேட்டது. கருவியின் கண்ணாடியில் சுலோசனாவின் எண்ணெய்த் தடம் அப்படியே இருந்தது. அதன்மேல் லிஜி தன் கட்டைவிரலை வைத்தாள். விளக்கு பச்சையானது.