எந்த வருஷத்திலிருந்து கணக்கு?

கூட்டத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டது நான்தான். வேறு யார்மேலும் பழி போட வழியில்லை.

எங்கள் தீவில் அறுவடை முடிந்ததும் வைக்கோலை வயலிலேயே கொளுத்துவார்கள். அக்கரைக்கு ஏற்றிப் போய் விற்றால் படகுக் கூலிக்கே பத்தாது. நானும் கொளுத்தியவன்தான். கல்யாணமான மூன்றாம் வருஷம் என் மனைவிக்கு மூச்சிரைப்பு வந்தது. அன்றோடு தீப்பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, வைக்கோலை மண்ணோடு மடக்கி உழ ஆரம்பித்தேன். பன்னிரண்டு வருஷம். பக்கத்து வயல் என் அண்ணனுடையது. காற்று எந்தப் பக்கம் என்றுகூடப் பார்க்காமல் கொளுத்துவான். கேட்டால், ஊரே கொளுத்துது, என்னை மட்டும் சொல்றியே என்பான்.

அதனால் கார்பன் சார் வந்தபோது எல்லாரையும்விட சந்தோஷப்பட்டது நான்தான். புகையைக் குறைக்கும் திட்டத்துக்காக வந்த அதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் அது. விவசாயிகள் சங்கக் கட்டிடத்தில் எங்களை உட்காரவைத்து விளக்கினார். தீவு முழுக்க ஒன்றுசேர்ந்து குறைக்க வேண்டும். யார் எவ்வளவு குறைக்கிறார்களோ அதற்கேற்ப பொது சோலார் பம்பில் தண்ணீர் நேரம் கிடைக்கும் என்றார். இனி அறுவடை மாதத்திலும் என் மனைவி ஜன்னலைத் திறந்து வைக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். அதோடு விட்டிருக்கலாம். பன்னிரண்டு வருஷத்துக்கு நாலு பேர் முன்னால் ஒரு பாராட்டு வேண்டியிருந்தது எனக்கு. எழுந்து, எந்த வருஷத்திலிருந்து கணக்கு என்று கேட்டேன்.

"பழசெல்லாம் வராதுங்க. இந்த அறுவடையில எவ்வளவு எரியுதோ, அதுல இருந்து அடுத்த வருஷம் எவ்வளவு குறையுதுன்னுதான் பார்ப்போம்."

என் முகம் தொங்கிப்போனது. மற்றவர்கள் முகம் அப்படி இல்லை. அண்ணன் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வந்து சொன்னதும் அவள் துணி மடிப்பதை நிறுத்தினாள்.

"ஏங்க, அப்போ இந்த வருஷம் நிறைய எரிச்சவனுக்குத்தானே லாபம்?"

நம் ஆட்கள் அந்த அளவுக்குப் போக மாட்டார்கள் என்றேன்.

போனார்கள். வேலியோரப் புதர், காய்ந்த மட்டை, மாட்டுக்கு வைத்திருந்த வைக்கோல் போர் வரைக்கும் வயலில் இழுத்துப் போட்டுக் கொளுத்தினார்கள். வழக்கமாக இரண்டு வாரத்தில் ஆங்காங்கே எரிவதெல்லாம், கார்பன் சார் அளக்க வந்த மூன்றே நாளில் எரிந்தது. எங்கள் ஊரில் அப்படி ஒரு ஒற்றுமையை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

இரண்டாம் நாள் காலை அவளுடைய மூச்சிரைப்பு இன்ஹேலருக்குக் கேட்கவில்லை. தூக்கிக்கொண்டு படகுத்துறைக்கு ஓடினேன். பட்டப்பகலில் துறையின் முனை தெரியவில்லை. பாறை எங்கே, வழி எங்கே என்று தெரியாமல் எப்படி எடுப்பது என்று படகுக்காரர் கையைப் பிசைந்தார். அவர்மேல் தப்பில்லை. புகை விலகியபோது மதியம் ஆகிவிட்டது. அதற்குள் என் தோளில் சாய்ந்திருந்தவளின் மூச்சு நின்றிருந்தது.

இந்த வருஷம் ஒரு வயலிலும் தீ இல்லை. சுற்றியிருக்கும் தீவுகளில் எங்களுடையதுதான் முதலிடமாம். சங்கச் சுவரில் பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். அண்ணனுக்குத்தான் அதிகத் தண்ணீர் நேரம். என் பெயருக்கு நேரே பூஜ்யம்.

நான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அண்ணன் வந்து தோளில் கைபோட்டான். நிஜமான பாசத்தோடுதான் சொன்னான்.

"நீயும் அப்பவே கொஞ்சம் கொளுத்தியிருக்கலாம்டா. பரவாயில்ல, என் பங்குல ரெண்டு மணி நேரம் எடுத்துக்க."

எடுத்துக்கொண்டேன். நாற்று காய்ந்துகொண்டிருந்தது.