பதிலுக்கு ஒரு பாட்டில்

இரும்பு உருக்கும் பட்டறையில் எங்களுக்கு வியர்வை ஒரு பொருட்டே இல்லை. சட்டையில் உப்புப் பூத்து வெளுத்துப் போகும். ஒரு சொம்புத் தண்ணீரைக் கவிழ்த்துக்கொண்டு மறுபடியும் உலை முன்னால் நிற்போம். ரத்தம் அப்படியல்ல, போனால் போனதுதான் என்பது எங்கள் ஆட்களின் முடிவு. ஒரு பாட்டில் கொடுத்தவனுக்கு அப்புறம் இரும்புக் குழம்பு அள்ளும் கரண்டியைத் தூக்கவே தெம்பு இருக்காது என்பார்கள்.

தகடு சரிந்து என் தொடையைக் கிழித்ததில் எனக்கு ஏகப்பட்டது போய்விட்டது. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். காலையில் ஆபரேஷன். அதற்கு முன்னால் எனக்காக யாராவது ஒரு பாட்டில் கொடுத்தால்தான் அவர்கள் இருப்பிலிருந்து எனக்கு ரத்தம் எடுத்துத் தருவார்களாம்.

"கூட யாரு இருக்கா?" என்றாள் நர்ஸ்.

"பட்டறையில ஒரு படையே இருக்கும்மா."

படை வரவில்லை, பைதான் வந்தது. மாதுளை, பீட்ரூட், பேரீச்சம்பழம். சிவப்பாக இருப்பதையெல்லாம் பொறுக்கிப் போட்டிருந்தார்கள். கொண்டு வந்தவன் என் பக்கத்து உலைக்காரன், சொட்டை. உட்காரக்கூட இல்லை.

"நீ குடுக்கக் கூடாதாடா?"

"என்கிட்ட இருக்கிறது கொசுவுக்கே பத்தலண்ணே." சிரித்தான். கண் வாசலிலேயே இருந்தது. "அண்ணிக்குச் சொல்லிட்டேன். திட்டாதீங்க." போய்விட்டான்.

நர்ஸ் பையை எட்டிப் பார்த்தாள். "ரத்தம் கேட்டா பழக்கடையே வந்திருக்கு!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மனைவி என்னை விட்டுப் போய் வருஷக்கணக்காகிறது. அவள் எதற்கு வரப்போகிறாள்?

வந்தாள். தையல் கம்பெனியிலிருந்து நேராக. முந்தானையில் நூல் ஒட்டியிருந்தது. என்னைப் பார்க்காமல் நர்ஸிடம், "எங்க குடுக்கணும்?" என்றாள்.

திரும்பி வந்தபோது முழங்கை மடிப்பில் பஞ்சு இருந்தது. கொஞ்ச நேரம் உட்கார்ந்துதான் போக வேண்டும் என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொன்னதால் என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"உடம்பு?" என்றேன்.

"ரத்தத்தோட போன தண்ணி ரெண்டு நாள்ல ஊறிடுமாம். செகப்பு ஊறத்தான் வாரக்கணக்கில ஆகுமாம். உங்க ஆளுங்க பயப்படுற மாதிரி ஒண்ணும் ஆயிடாது."

"தலை சுத்துதா?"

"லேசா."

அது இன்னும் கொஞ்ச நேரம் சுற்றட்டும் என்று நினைத்தேன். கெட்ட எண்ணந்தான். அவள் தண்ணீரைக் குடித்து முடித்தாள். முகம் தெளிந்தது.

"வரேன்."

செருப்புச் சத்தம் மாடிப்படி வரைக்கும் கேட்டது. போனால் போகட்டும், அவள் ரத்தம் ஒரு பாட்டில் எனக்குள் ஓடப்போகிறதே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

நர்ஸ் ரத்தப் பையை மாட்டினாள்.

"இது அவளோடதாம்மா?"

"இல்லீங்க, அவங்க குரூப் உங்களுக்குச் சேராது. அது வேற யாருக்காவது போகும். இது யாரோ எப்பவோ குடுத்தது."

குழாய் வழியாக இறங்கியது. ஏறும்போது கை ஜில்லென்று இருந்தது.