அக்டோபரில் வைத்த மரம்

கில்லிபெக்ஸ் துறைமுக ஊரின் மீன் தொழிற்சாலையில் மேலாளர் அறைக்கு வெளியே ஊனா காத்திருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மீன் நகரும் பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய இடத்தில் புதிதாக ஒருத்தி நின்று கானாங்கெளுத்தியைப் பெட்டியில் அடுக்கினாள். போன மாதம் அதே பெல்ட் சிக்கியபோதுதான் ஊனாவின் இடது மணிக்கட்டு மாட்டிக்கொண்டது. கட்டு இன்னும் பிரிக்கவில்லை. மருத்துவ விடுப்பில் வீட்டில் இருந்தவளை அவசரமாக வரச் சொல்லியிருந்தார்கள்.

தம்பி ஃபெர்கல் ரப்பர் பூட்ஸோடு ஓடிவந்தான். அவனுக்கும் அங்கேதான் வேலை, குளிர்கிடங்கில்.

"அக்கா, நம்ம கிறிஸ்துமஸ் பாட்டு நேத்து நெட்ல வெளிய போயிடுச்சு. எடுத்த அன்னிக்கே தேதி குறிச்சு வச்சிருந்தேன்ல, அதுவா ஏறிடுச்சு. நிறுத்த மறந்துட்டேன்."

"அடப்பாவி! லீவுல இருக்கேன்டா நான்!"

"உள்ள எல்லாரும் அதைத்தான் பேசுறாங்க."

ஊருக்கே தெரிந்த பாட்டுகளைத் தங்கள் பாணியில் பாடி இணையத்தில் போடுவது அவர்கள் இருவருக்கும் பித்து. அவள் கிட்டாரோடு பாடுவாள், அவன் படம் பிடிப்பான். ஷிஃப்ட் ஒத்துவராததால், கிடைத்த ஞாயிற்றுக்கிழமையில் நாலைந்து பாட்டை ஒரே மூச்சில் எடுத்துவிடுவார்கள். வாரா வாரம் எடுத்ததுபோல் தெரியவேண்டும் என்று பாட்டுக்குப் பாட்டு ஊனா ஸ்வெட்டர் மாற்றுவாள். அக்டோபரில் அப்படி எடுத்தபோது பரணிலிருந்து கிறிஸ்துமஸ் மரத்தையும் இறக்கி, விளக்குப் போட்டு, விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மேலாளர் கார்மக் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். மேசைமேல் அவருடைய போனில் ஊனா பாடிக்கொண்டிருந்தாள். பின்னால் மரம் மினுக்கியது.

"நல்லா பாடுறீங்க ஊனா. பொட்டி தூக்கத்தான் கை வரல, இல்ல?"

"அது அடிபடுறதுக்கு முன்னாடி எடுத்தது. அக்டோபர்ல."

"அக்டோபர்ல எந்த வீட்ல மரம் வைப்பாங்க?"

"நாங்க வச்சோம் கார்மக், சத்தியமா! நாலஞ்சு பாட்டு ஒரே நாள்ல எடுத்தோம்!" என்றான் ஃபெர்கல்.

"எடுத்த படம் போன்ல இருக்கும்ல? தேதியக் காட்டு."

ஃபெர்கல் தலை குனிந்தான். "இடம் பத்தலன்னு அழிச்சுட்டேன்."

"அக்டோபர் கடைசில வந்த பாட்டுல சிவப்பு ஸ்வெட்டர். இதுல பச்சை. ஒரே நாள்ல எடுத்ததுன்னு என் தலையில மொளகா அரைக்காதீங்க."

"டாக்டர் சீட்டு குடுத்திருக்கேனே! இந்த வேலைய விட்டா எனக்கு வேற கதி இல்ல, கார்மக். காயம் பொய்னு எழுதிட்டா வேற எவன் என்னைச் சேத்துக்குவான்?"

கார்மக் எழுந்து அலமாரிக்கு மேலிருந்த கிட்டாரை எடுத்தார். தொழிற்சாலை விருந்துகளில் ஊனா வாசிக்கிற அதே கிட்டார்.

"வாசிக்க முடியாதுன்னு காட்டுங்க. நான் நம்புறேன்."

"வேணாம்க்கா," என்றான் ஃபெர்கல்.

அவள் வாங்கி மடியில் வைத்தாள். இடது கை விரல்கள் கம்பியைத் தொட்டதும் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சுரீரென்றது. வலது கையால் மீட்டினாள். செத்த சத்தம் வந்தது. மறுபடியும் அதே சத்தம்.

"நடிப்பும் நல்லாத்தான் வருது," என்றார் கார்மக்.

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. ஐயோ, இத்தனை கேவலமாக அவள் யார் எதிரிலும் வாசித்ததே இல்லை. போனில் அவளே எவ்வளவு சுத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள்! பல்லைக் கடித்து, கண்ணில் நீர் முட்ட, முழுப் பலத்தோடு விரல்களை அழுத்தி மீட்டினாள்.

ஒரே ஒரு முறை சுரம் பிசிறில்லாமல் எழுந்து அறை முழுக்க நின்றது.

"வாசிக்க வருதே. அவ்வளவுதான்," என்று கார்மக் பேனாவைத் திறந்தார்.

ஊனா அழுத்திய விரல்களை எடுக்க முயன்றாள். அவை மடங்கியபடியே கம்பிமேல் விறைத்திருந்தன. ஃபெர்கல் மண்டியிட்டு அவற்றை ஒவ்வொன்றாக விடுவித்தான்.