வாணலி நிறைய ஈரல்

கறிக்கடைக்காரருக்கு அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். "பொண்ணு வருதாக்கா? அப்ப இன்னிக்கு ஈரல்தான்" என்றபடி கத்தியைத் தீட்டினார். மகள் வராத வாரங்களில் அவள் அந்தக் கடைப்பக்கமே போவதில்லை. ஒருத்திக்காக எதற்கு வெங்காயம் நறுக்கி, எதற்கு அடுப்பைப் பற்றவைத்து என்று இருந்துவிடுவாள்.

வீட்டுக்கு வந்து ஈரலின் மேல்தோலை நகத்தால் உரித்தாள். வாடை போகப் பாலில் ஊறவைத்தாள். எல்லாம் நாற்காலியில் உட்கார்ந்துதான். சலவைக்கடையில் நாளெல்லாம் நின்றே வேலை பார்க்கிறவளுக்கு இப்போது இடது கால் கட்டைவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகிறது. யூரிக் அமிலம் ஏறியிருக்கிறதாம். ஈரல், மூளை, சிறுநீரகம் எதையும் தொடக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மகளிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் ஈரலே வாங்காதே என்பாள். பிறகு எதைச் சொல்லி அவளை வீட்டுக்குக் கூப்பிடுவது?

சின்ன வயதில் மகள் ரத்தம் குறைந்து வெளுத்து, பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தபோது, வாராவாரம் ஈரல் ஊட்டித்தான் தேற்றினாள். மாத்திரையைக் கண்டாலே குமட்டும் பிள்ளைக்கு ஈரல் மட்டும் இறங்கியது. "தாயும் மகளும் ஈரலைப் பங்கு போட்டுக்கிட்டு என்னைக் கழட்டி விட்டுட்டீங்க" என்று எலும்பைக் கடித்துக்கொண்டே கேலி பேசுவார் அவள் கணவர். அவரும் போய்விட்டார். தனக்கும் மகளுக்கும் நடுவில் மிச்சம் இருப்பது இந்த ஒரு வாணலிதானோ என்று கொஞ்ச நாளாக அவளுக்கு ஒரு பயம்.

மகள் வந்தாள். கைப்பையைக் கழற்றாமலே சாப்பிட உட்கார்ந்தாள். ஈரலை எடுத்துப் போடப் போனதும் தட்டைக் கையால் மறைத்தாள்.

"வேணாம்மா."

"என்னடி வேணாம்? வாசம் பிடிச்சே மாடி ஏறி வர்றவ நீ."

"இப்ப வேணாம்."

"மூஞ்சியப் பாரு, துவைச்சுத் துவைச்சு வெளுத்த துணி மாதிரி. உன் மாமியார் உனக்கு என்னத்தத்தான் போடுறாங்க? ரத்தம் ஊற இதைவிட என்ன இருக்கு?"

"ஊறும்மா, இல்லேங்கல. ஆனா இதுல வைட்டமின் ஏ ரொம்ப ஜாஸ்தியாம். டாக்டரம்மா ஈரல் பக்கமே போகாதேன்னுட்டாங்க."

"வைட்டமின் ஜாஸ்தியானா நல்லதுதானே! யாருக்குடி கெடுதல்?"

மகள் தட்டையே பார்த்தாள். "உள்ள இருக்கிற குழந்தைக்கு."

கரண்டி அப்படியே நின்றது. "எத்தனை மாசம்?"

"மூணு முடியப் போகுது. சொல்லணும்னுதான் இருந்தேன். நீ ஒத்தையா கிடந்து கவலைப்படுவேன்னுதான்..."

சந்தோஷம் வரத்தான் செய்தது. மகளின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். ஆனால் அந்தச் சேதி நேராக அவளிடம் வரவில்லை. மாமியாரிடம் போய், டாக்டரிடம் போய், யார் யாரிடமோ போய், கடைசியில் ஈரலை வேண்டாம் என்கிற சாக்கில் அவளிடம் வந்து சேர்ந்திருக்கிறது. இன்று முருங்கைக்காய்க் குழம்பு வைத்திருந்தால்? சாப்பிட்டுவிட்டு, சொல்லாமலே போயிருப்பாளோ? கேட்க வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டு முட்டை பொரிக்கப் போனாள்.

"நீ ஏம்மா ஈரல் வச்சுக்கல?"

"நீ போனதும் நிதானமா உட்கார்ந்து சாப்பிடுவேன்."

"நடை ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"புதுச் செருப்பு கடிச்சிருச்சு."

சொன்ன பிறகுதான் தன் குரல் அவளுக்கே கேட்டது. பொய் எவ்வளவு லேசாக வருகிறது! பிரியம் இல்லாமல் மறைக்கவில்லை. மகளும் இப்படித்தான் மறைத்திருப்பாள். அது புரிந்தது. புரிந்தும் ஆறுதலாக இல்லை.

மகள் போன பிறகு வீடு முழுக்க வதங்கிய ஈரலின் வாசம். பக்கத்து வீட்டில் கொடுக்கலாமா என்று கதவு வரை நொண்டிப் போனாள். அவர்கள் கறி சாப்பிடுவார்களா என்பதுகூட அவளுக்குத் தெரியாது. திரும்பி வந்துவிட்டாள்.

போன் அடித்தது.

"போய்ச் சேந்துட்டேன்மா. ஈரல் சாப்பிட்டியா?"

"ஓ, சாப்பிட்டேன்."

"எப்படி இருந்துச்சு?"

அவள் நிறைந்திருந்த வாணலியைப் பார்த்தாள்.

"மிளகு மட்டும் கொஞ்சம் தூக்கல்."

"கொடுத்து வச்சவ நீ" என்று சிரித்தாள் மகள்.