மூணு விரல் உயரம்

வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் அம்மா எங்கள் வாசற்படி ஏறியாக வேண்டும். மணி ஏழே முக்கால். நான் வீட்டு ஷெட்டில் காருக்கு அடியில் கிடந்தேன்.

அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகிப் பன்னிரண்டு நாள். இன்று டிஸ்சார்ஜ். "தாழ்வான சீட்ல உட்காரவே கூடாது. முட்டியைவிட இடுப்பு கீழ இறங்கினா வச்ச மூட்டு விலகிரும்" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆம்புலன்ஸ் பேசுகிறேன் என்றதற்கு அம்மா ஒரே பேச்சில் மறுத்துவிட்டாள். "அது தெருவுக்குள்ள வந்தா, கோமு போயிட்டாளாம்னு எல்லாரும் மாலையோட வந்து நிப்பாவ. வாடகை வண்டியும் வேண்டாம். நான் உன் கார்லயே வருதேன்."

என் கார் தரையோடு தரையாகப் போகிற கார். இரண்டு மாதம் முன்னால் பழைய சஸ்பென்ஷனைக் கழற்றிவிட்டு, கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்த புதுசை மாட்டினேன். இதில் ஸ்பிரிங்குக்குக் கீழே மரையும், மரையில் இரண்டு வளையங்களும் உண்டு. கீழ் வளையம் பூட்டு. அதைத் தளர்த்தி மேல் வளையத்தை ஏற்றினால் வண்டி உயரும், இறக்கினால் தாழும். நான் இறக்கினேன், பள்ளிக்கூடத்துப் பையன்கள் வாயைப் பிளக்கிற அளவுக்கு இறக்கினேன். முப்பத்தாறு வயசுக் கணக்கு வாத்தியாருக்கு அப்படி ஓர் ஆசை.

அந்த ஆசைதான் அம்மாவின் இடுப்பை முறித்தது. கண் டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பிய அன்று, இதே ஷெட்டில், அந்தப் பள்ளத்து சீட்டிலிருந்து அவளால் எழும்ப முடியவில்லை. நான் போன் பேசிக்கொண்டிருந்தேன். கதவைப் பிடித்து எம்பினாள், கதவு விலகியது, சிமெண்டுத் தரையில் விழுந்தாள். என் மனைவி வேணி அப்போது ஆபீசில் இருந்தாள். ஆஸ்பத்திரியில் சொந்தக்காரர்கள் கூடியதும் அம்மாவே முந்திக்கொண்டு, "பாத்ரூம்ல வழுக்கிட்டு" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை.

அன்று காலையில்தான் வேணி பாத்ரூமைச் சோப்புத்தூள் போட்டுக் கழுவியிருந்தாள்.

பன்னிரண்டு நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா முகத்தில் முழிக்கப் பயந்து, சோற்றைக் கட்டி என்னிடமே கொடுத்தனுப்புவாள். இன்றைக்கு அவளாக ஷெட்டுக்கு வந்தாள். "அத்தைய விழ வச்சவ நான். இந்த வேலையிலயாவது கூட நிக்கேன்" என்று ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொண்டாள். அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அம்மாவுக்காக வண்டியின் பின்பக்கம் இரண்டையும் நேற்றே உயர்த்தியாயிற்று. முன்னால் வலப்பக்கத்தில், வளையத்துக்குக் கீழே என் மூன்று விரல் அகலத்துக்கு மரை தெரியும்படி வைத்துப் பூட்டினேன். இடப்பக்கம்தான் மக்கர் பண்ணியது. மழைச்சேறு இறுகி, பூட்டு வளையம் அசைய மறுத்தது. ஸ்பேனரை மாட்டிச் சுத்தியலால் ஓங்கி அடித்தேன்.

"ஏங்க! வண்டி நவுருது!"

ஹேண்ட் பிரேக் போட மறந்திருந்தேன். முன்பக்கத்தைத் தாங்கியிருந்த ஸ்டாண்டு சாய்ந்தது. நான் உருண்டு வெளியே வருவதற்குள் வண்டி ஒரு சாண் பின்னால் போய், டொக்கென்று நின்றுவிட்டது. பின்சக்கரத்துக்கு அண்டை கொடுத்து ஓர் அம்மிக்குழவி கிடந்தது.

"இங்கன தரை சரிவுல்லா. அதான் வச்சேன்" என்றாள் வேணி.

என் உயிர் அவள் வைத்த குழவியில் நின்றது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஸ்டாண்டை நிமிர்த்தி வைத்துவிட்டு, "மணி எட்டே முக்கால். நான் ஏத்துதேன், நீ அளந்து சொல்லு" என்றேன்.

வளையம் ஒருவழியாக இளகியது. கையை விட்டுப் பார்த்து, "மூணு விரல் வந்துட்டு" என்றாள். பூட்டி, சக்கரத்தை மாட்டி, வண்டியை இறக்கி, ஸ்பிரிங் படிய முன்னும் பின்னும் உருட்டினேன். வண்டி இடப்பக்கம் சாய்ந்து நின்றது. அம்மா உட்காரப்போகிற பக்கம்.

வேணி ஓடிப்போய்த் தையல் டேப்பைக் கொண்டுவந்தாள். வலப்பக்கத்தைவிட ஒரு செண்டிமீட்டர் குறைந்தது. அவள் கையையும் என் கையையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. அவளுடைய மூன்று விரல் என்னுடைய இரண்டரை. விரலால் அளந்த கணக்கு வாத்தியாரைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும். நான் அவள்மேல் பாய்ந்தேன்.

"ஒரு அளவு ஒழுங்கா எடுக்கத் துப்பில்ல!"

"ஆமா, நான் கை வச்சதெல்லாம் இப்படித்தான் ஆவுது. அத்தைக்கும் என்னாலதானே" என்றபடி ஜாக்கியைத் தள்ளிக் கொடுத்தாள்.

எனக்கு என்மேலேயே காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. ஆனாலும் படுத்து, டேப் வைத்து, வளையத்தைத்தான் ஏற்றினேன்.

ஆற்றுப்பாலம் தாண்டி நானும் வேணியும் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பது ஐம்பது. நர்ஸ் தாங்கிப் பிடிக்க, சக்கர நாற்காலியிலிருந்து எழுந்த அம்மா சீட்டில் பைய அமர்ந்தாள். குனியவில்லை, முகம் சுளிக்கவில்லை. இடுப்பு முட்டிக்கு மேலேயே நின்றது. "இது சரியான உயரம்" என்று நர்ஸ் சொன்னாள். எனக்கு அப்பாடா என்று மூச்சு வந்தது. சுற்றிப் போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தேன்.

வேணி கதவைச் சாத்தவில்லை. அப்படியே குனிந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள். "அத்தை, என்னை மன்னிச்சிருங்க. அந்தச் சோப்புத்தூளை நான் நல்லா அலசி விட்டிருக்கணும்."

"எந்தச் சோப்புத்தூளு?"

"பாத்ரூம்ல போட்டது. அதுல வழுக்கித்தானே விழுந்திய."

அம்மா மெல்ல என் பக்கம் திரும்பினாள்.

"ஊரு வாய்க்குப் பயந்து, நாலு பேருகிட்ட அப்படிச் சொன்னேம்ல" என்றாள். "பொண்டாட்டிகிட்ட கூடவா நீ இன்னும் சொல்லல?"

வேணி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ராகுகாலத்துக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது. சாவியைத் திருப்ப எனக்குக் கை வரவில்லை.